எஞ்சின் எண் 7316

நார்தம் ரோட்டுப் பங்களாவின் பின்கட்டில்
போர்வையை இருவர் உருவினார்கள்.
முப்பத்தேழாம் வருஷத்து டெய்ம்லர்.
கிரில்லின் தலையில் வரிவரியாய்ப் பள்ளம்,
புதிதாய் நெற்றியில் இழுத்த விபூதிபோல.
மதிப்பிட வந்தவள் நான்,
கோலாலம்பூர் இன்சூரன்ஸ் கம்பெனி, முதல் பஸ்.

டத்தோ குலவீரசிங்கத்தின் மகன்
பதிவுப் புத்தகத்தை இரு கையால் நீட்டினார்.
"எல்லாரும் இருக்காங்க, பாருங்க."

இருந்தார்கள்.
காவ் தியோங் ஹுவாட், ஈயலம்பத்துக்காரர்.
கப்பலில் வந்த வண்டியை
மூன்றாம் மனைவி வாசலில் நிறுத்திவிட்டு
மூத்தவள் வீட்டுக்கு ரிக்‌ஷாவில் போனாராம்.

அடுத்து ஆள் பெயரில்லை, வெறும் விலாசம்:
சித.வெ. கம்பெனி, பினாங்கு ஸ்ட்ரீட்.
ஈயம் விழுந்த வருஷம் கடனுக்கு ஈடாய் வந்தது.
செட்டியார் ஒருநாளும் ஏறவில்லை.
ஓடினால் டயர் தேயும்,
நின்றால் வட்டி ஓடும்.

பிறகு ஒரு பக்கமே இல்லை.
கிழித்ததா, கரையானா, சொல்ல ஆளில்லை.
நாற்பத்திரண்டிலிருந்து நாற்பத்தைந்து.
தையல் ஓரத்தில் பாதி முத்திரை, சிவப்பு,
எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து.
அந்தப் பக்கத்துக்கு என்ன மதிப்புப் போட?
என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பல் டாக்டர் எட்வின் சின்னையா
கறுப்பு வண்டிக்கு வெள்ளையடித்தார்; தொழில் புத்தி.
தஞ்சோங் தோக்கோங் ஹாஜி மன்சூர்
கல்யாண வாடகைக்கு விட்டார்.
பின்சீட்டுத் தையலில் இன்னும் ஜிகினா இருக்கிறது,
நகத்தால் நெம்பினேன், வரவில்லை.
ஜெலுத்தோங் பட்டறை ஓங்,
கட்டாத பில்லுக்காகப் பிடித்து வைத்தார்.
அவர் காலத்தில் உள்ளே கோழி முட்டையிட்டதைப்
புத்தகம் சொல்லவில்லை, டத்தோவின் டிரைவர் சொன்னார்.

"எல்லாம் ஒரிஜினல்" என்றார் மகன்.
பானெட்டைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
உள்ளே இருந்தது ஒரு லாரி எஞ்சின்.
புத்தகத்தில் இருந்தது வேறு எண்.

ஏழு, மூன்று, ஒன்று, ஆறு.
டார்ச்சை அணைத்தேன்.

பாகான், தெய்வசிகாமணி மாவு மில்.
அரிசித் தகரத்தோடு வரிசையில் நிற்கும் ஏழு வயதுக்குக்
கண்மட்டத்தில் வாசிக்கக் கிடைத்தது
அந்தப் பித்தளைத் தகடு ஒன்றுதான்.
"ராஜா வூட்டு எஞ்சின்டா இது" என்பார் மில்காரர்.
யார் நம்பினார்கள்?
மிளகாய் அரைக்கையில் தெருவே தும்மும்,
அது மட்டும் ஒரே சீராய் உறுமும்.

அப்பா நம்பினார், எண்ணை மட்டும்.
நாலு நம்பர் கடையில் வாரம் தவறாமல் எழுதினார்.
பதினோரு வருஷத்தில் ஒரேயொரு தடவை விழுந்தது,
அதுவும் ஆறுதல் பரிசு.
எனக்கு வெள்ளைச் சப்பாத்து,
மீதிக்கு ஆட்டிறைச்சி.
அம்மா சொன்னாள்: இதுவரை கட்டின காசுக்கு
ஆட்டையே வாங்கியிருக்கலாம்.

"ஏதாவது குறையா?" என்கிறார் மகன்.

எஞ்சின்: மாற்றப்பட்டது.
அசல் எஞ்சின் இருக்குமிடம்:
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
மில்லை இடித்து எத்தனையோ வருஷம்,
இரும்பு எந்த உலைக்குப் போனதோ.
'தெரியவில்லை' என்று எழுதினேன்.
பொய்யில்லை அது, உண்மையுமில்லை.
மதிப்பில் முப்பது விழுக்காடு குறைத்தேன்.
அவர் முகம் பழைய மெத்தைபோல் அமுங்கியது.
டீ சொல்லியிருந்தார், வரவில்லை.

ஃபெரிக்குப் போகும் வழியில்
நம்பர் கடையில் வரிசை. இன்று புதன், குலுக்கல் உண்டு.
நின்றேன், கையில் தகரம் இல்லாமல்.
இரண்டு வெள்ளிக்கு, ஏழு மூன்று ஒன்று ஆறு.
சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்:
தேதி இருந்தது, தொகை இருந்தது,
உரிமையாளர் பெயருக்கு
இடமே விடவில்லை.